சாயம் காட்டிய நரம்பு

முல்லைத்தீவுத் தண்ணீரூற்றில் நெடுநாள் சலரோகக்காரர் ஒருவர் இரவில் உள்ளங்கால் எரிகிறது என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். புண்ணில்லை, வீக்கமில்லை, நரம்பின் மின்சோதனையும் சரியாக வருகிறது. 'ஒன்றுமில்லை' என்று அவரை அனுப்பிவிடுவது எளிது. ஆனால் மின்சோதனை அளப்பது தடித்த நரம்பிழைகளை மட்டுமே. நோவையும் சூட்டையும் கொண்டுசெல்லும் மெல்லிய இழைகள் அதற்கு எட்டாதவை. அவற்றை மருத்துவம் நூறாண்டுக்கு மேல் சரிவரக் காணவில்லை. நுணுக்குக்காட்டிக்கு வலுப் போதாதது காரணமல்ல. குறை சாயத்தில் இருந்தது.

1868இல் பேர்லினில் போல் லங்கர்கான்ஸ் என்ற மருத்துவ மாணவர் மனிதத் தோலில் தங்கக் குளோரைட்டு ஏற்றிப் பார்த்து, மேற்றோலுக்குள் நரம்பிழைகள் ஏறுவதை விவரித்தார். கூடவே கிளைவிட்ட கலங்கள் சிலவற்றையும் நரம்புக் கலங்கள் என்று கருதினார். அவை நோயெதிர்ப்புக் கலங்கள் எனப் பிற்காலத்தில் தெளிவாயிற்று. தங்கச் சாயமோ ஒருமுறை பிடிக்கும், மறுமுறை பிடிக்காது. ஆகவே மேற்றோலில் நரம்பு உண்டா என்ற ஐயம் நீடித்தது. இதே லங்கர்கான்ஸ்தான் அடுத்த ஆண்டு கணையத்தின் சிறுதீவுகளை விவரித்தவர். சலரோகத்தின் வேரையும், அது வாட்டும் நரம்பின் நுனியையும் ஒரே மாணவர் அடுத்தடுத்துக் கண்டிருக்கிறார். அந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்துக்கொண்டிருந்தார் என்பதையும் நினைக்க வேண்டும். அந்த அறிவு நமக்குத் தொலைவானதாக இருக்கவில்லை.

தோல் நரம்பை நுணுக்குக்காட்டியில் பார்க்கும் பழக்கம் நம் பக்கத்தில் தொழுநோயால் வளர்ந்தது. 1873இல் நோர்வே மருத்துவர் ஹன்சன் கண்ட தொழுநோய்க் கிருமி நரம்பைச் சூழ்ந்த கலங்களில் குடியிருப்பது. தேமல் மரத்துப்போவது அதனால்தான். தமிழ்நாட்டில் வேலூருக்கு அருகே கரிகிரித் தொழுநோய் மையத்தில் நோய்க்கூற்றியலாளர்கள் தோல்துண்டுகளில் வீங்கிய நரம்புக் கற்றைகளைத் தேடினார்கள். ஆனால் வழக்கமான சாயம் காட்டியது உட்தோலின் கற்றைகளை. மேற்றோலின் தனியிழை அதற்குப் பிடிபடவில்லை.

1980களின் பிற்பகுதியில் பி.ஜி.பி. 9.5 என்ற நரம்புப் புரதத்தைப் பற்றும் பிறபொருளெதிரி வந்ததும் அந்த இழைகள் ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தன. 1990களில் அமெரிக்காவின் மினசோட்டாவிலும் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்திலும் அவற்றை எண்ணும் முறை உருவானது. புறக்கணுக்காலுக்கு 10 சென்ரிமீற்றர் மேலே, மரக்கச்செய்து, 3 மில்லிமீற்றர் வட்டத்தில் தோல் எடுக்கப்படும், தையல் வேண்டாம். 50 மைக்ரோமீற்றர் சீவல்களில், எல்லைச் சவ்வைக் கடந்து மேற்றோலுக்குள் நுழையும் இழைகளை மட்டும் எண்ணி, மில்லிமீற்றருக்கு எத்தனை என்று கணக்கிடுவார்கள்.

வயது ஏற இழைகள் குறையும், வேற்று நாட்டு அளவுகோல் நம்மவருக்குப் பொருந்துமா என்று கேட்பது நியாயமே. நம் மக்களின் தோலை எண்ணி நமக்கென அளவு வகுப்பதே அதற்கு வழி. எண்ணிக்கை சரியாக இருப்பதால் நோயில்லை என்றும் ஆகாது. முடிவு எதுவானாலும் வைத்தியம் சீனியைக் கட்டுப்படுத்துவதுதானே என்பார்கள். சலரோகம் தெளிவாக உள்ளவருக்கு அது பெரும்பாலும் சரி. அவருக்கு ஊசிமுனைச் சோதனையும் பொறுமையான விசாரிப்புமே போதலாம். காரணம் தெரியாமல் கால் எரிபவருக்குத்தான் இந்தத் தோல்துண்டுச் சோதனை தேவை. நரம்பு குறைந்திருப்பது உறுதியானால் விற்றமின் குறைவையும் பிற நோய்களையும் தேட வழி பிறக்கும். நோவு மனப்பிரமை என்ற பழியும் நீங்கும்.

இதற்கு முல்லைத்தீவில் ஆய்வுகூடம் கட்டத் தேவையில்லை. துண்டை உரிய திரவத்தில் குளிராகப் பதப்படுத்தி, எண்ணத் தெரிந்த ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம். அந்த அனுப்பும் ஒழுங்கை மாகாண சுகாதாரத் துறையினர் ஏற்படுத்தித் தர வேண்டும்.