நிலத்தடி வழியே கடல் சேரும் ஆலைக் கழிவு: அறிவியலும் சட்டமும்

கிளியனூர், மரக்காணம் வட்டாரத்தில் மண்ணுக்குள் இறங்கும் மழைநீரின் இயல்பான போக்கு கிழக்கு நோக்கியது. கழுவேலி ஏரி, உப்பளங்கள், கடல் என அதன் வழி நீள்கிறது. கடலில் கலப்பவை ஆறுகள் மட்டுமல்ல. கடலடி மணலின் ஊடாகவும் நிலத்தடி நீர் கசிந்து வெளியேறுகிறது. ரேடியம், ரேடான் ஆகிய கதிரியக்கத் தனிமங்களைக் கடல்நீரில் அளந்து இக்கசிவை ஆய்வாளர்கள் கணிக்கின்றனர். கழிவுக் குழாயின் வாயை மட்டும் சோதிக்கும் அதிகாரியின் கண்ணுக்கு இந்த வழி படுவதேயில்லை.

எல்லா நச்சும் ஒன்றுபோல் நகர்வதில்லை. நைட்ரேட் ஏறக்குறைய நீரின் வேகத்திலேயே செல்லும். அறுவிணைதிறன் குரோமியம் எளிதில் நகரும்; மூவிணைதிறன் குரோமியம் மண்துகளில் ஒட்டிக்கொள்ளும். நன்னீரும் உவர்நீரும் சந்திக்கும் இடத்தில் படியும் இரும்பு ஆக்சைடு ஆர்சனிக்கைப் பிடித்து வைக்கும். ஆக்சிசன் குறைந்தால் இரும்பு கரைந்து அதை விட்டுவிடும். உப்பு மிகும்போது காட்மியம் குளோரைடுடன் இணைந்து நீருக்குத் திரும்பும். எனவே, ‘வண்டலில் படிந்துவிட்டது, இனி அபாயமில்லை’ என்னும் வாதத்தை நாம் ஏற்கலாகாது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை உவர்நீரை அது தள்ளி நிறுத்தும். ஆழ்துளைக் கிணறுகள் அந்த ஒரு மீட்டரை உறிஞ்சிவிட்டால் உப்பு உள்ளே ஏறும். படிந்து கிடந்த உலோகமும் கிளம்பும்.

தெற்கே கடலூர் சிப்காட்டில் இதன் பாடம் இருக்கிறது. 1980களில் உருவான இரசாயன ஆலைகள் உப்பனாற்றை ஒட்டி நிற்கின்றன. ஈச்சங்காடு, குடிகாடு ஆகிய ஊர்களின் மக்கள் நிலத்தடி நீர் கெட்டதென்று நெடுங்காலமாக முறையிட்டு வருகின்றனர். உப்பனாற்று வண்டலில் கன உலோகங்களை ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. ஆற்றுவழி வந்தது எவ்வளவு, நிலத்தடி வழி வந்தது எவ்வளவு எனப் பிரிக்காதவரை ஒவ்வோர் ஆலையும் அடுத்த ஆலையைக் கைகாட்டித் தப்பிக்கும்.

சட்டத்தில் தடை இல்லாமலில்லை. 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டம் ‘ஓடை’ என்ற சொல்லுக்குள் நிலத்தடி நீரையும் அடக்குகிறது (கடல்நீரை மட்டும் மாநில அரசு அறிவிக்கும் எல்லைவரை!). சிக்கல் காலக்கெடுவில் உள்ளது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், 2010, பிரிவு 15இன்படி, காரணம் ‘முதலில் எழுந்த’ நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் இழப்பீடு கோர வேண்டும். மேலும் 60 நாள் சலுகை உண்டு. நிலத்தடி நீரோ பல இடங்களில் ஆண்டுக்குச் சில மீட்டரே நகரும். ஒரு கிலோமீட்டர் தொலைவிலுள்ள கிணற்றை நச்சு எட்டும்போது ஆலை கைமாறியிருக்கலாம், மூடப்பட்டும் இருக்கலாம். பாதிப்பு தெரியவந்த நாளே தொடக்க நாள் என்று நாம் வாதிட வேண்டும். ராஜஸ்தானின் பிச்ரி வழக்கில், எச்-அமில உற்பத்தி நின்றபின்னும் கிணறுகள் கெட்டே கிடந்தன. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டுமென்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவையும் வழக்குரைஞர்கள் எடுத்துப் படிக்க வேண்டும். பட்டியல் சாதியினர் வழக்கமாகப் பயன்படுத்தும் நீராதாரத்தைக் கெடுத்து, பயன்பாட்டுக்குத் தகுதி குறைப்பது அதன்படி குற்றம். நிறுவனத்தின் மீது இதை நிலைநாட்டுவது எளிதன்று. ஆயினும் முதல் தகவல் அறிக்கை கோர அது இடமளிக்கிறது.

நீர்ச் சட்டப்படியான குற்ற வழக்கில், ஆலைக்கு அறிவிப்புத் தந்து வாரியம் முறைப்படி எடுத்த மாதிரியே சான்றாகும். பசுமைத் தீர்ப்பாயம் சாட்சியச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதன்று; அங்கு மாணவர்கள் எடுக்கும் அளவுகளுக்கும் இடமுண்டு. காலனிக் கிணறு உட்பட அதே கிணறுகளில் மழைக்கு முன்னும் பின்னும் மின்கடத்துதிறனை அளந்து, நாளும் நேரமும் ஆழமும் குறித்து வையுங்கள்.