கோத்தர் இசைக்குழு

நீலகிரியின் ஏழு கோத்தர் ஊர்களுள் ஒன்று கீழ் கோத்தகிரி. இரும்படித்தும் பானை வனைந்தும் வாழ்ந்த கோத்தர்களே தலைமுறை தலைமுறையாக இம்மலையின் வாத்தியக்காரர்கள்.

மெட்டைச் சுமப்பது ‘கொள்’ என்னும் நாயனம். ஊதுபவர் கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூக்கால் மூச்சிழுத்து, இசை அறுபடாமல் வாசிப்பார். கொம்பும் தப்பட்டையும் பறைகளும் கூட வரும். தோல் தளர்ந்தால் நெருப்பில் காட்டி முறுக்கேற்றுவார்கள்.

அண்டைச் சமூகமான படகர் வீட்டுச் சாவுகளுக்கும் இவர்களே வாசித்தார்கள். 1930களில் அந்த ஏற்பாடு முறிந்தது, இசை நிற்கவில்லை.

தெய்வத்துக்கு, ஆட்டத்துக்கு, சாவுக்கு எனத் தனித்தனி மெட்டுகள் கொண்ட முழுமையான மரபு இது. ‘பழங்குடி ஆட்டம்’ என்று சுருக்குவது அநியாயம். ரிச்சர்ட் உல்ஃப் 2005இல் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார். டிசம்பர்–ஜனவரியில் நடக்கும் குலதெய்வத் திருவிழாவில் இன்றும் கொள் ஒலிக்கிறது.