போஸ்ட்மாஸ்டரின் பொறுப்பில் வந்த வேலையாட்கள்

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் 2013-இல், 9.3 பதிப்பில், பிறர் எழுதும் பின்னணிச் செயல்முறைகளுக்கு, அதாவது 'வேலையாட்களுக்கு', இடம் கொடுத்தது. இதைப் புதுமை மோகம் என்று சொல்ல முடியாது. தேவை பத்தாண்டு முன்பே தெரிந்திருந்தது. 2003-இல் வந்த 7.4-இல் செத்த வரிசைகளைத் துப்புரவாக்கும் நிரல் சர்வருக்கு வெளியே தனியாக ஓடியது. சர்வரை ஏற்றியவர் அதை ஏற்ற மறந்தால் குப்பை சேர்ந்துகொண்டே போகும். 2005-இல் 8.1 அதை உள்ளே கொண்டுவந்து, கிளப்பும் பொறுப்பைத் தாய்ச் செயல்முறையான போஸ்ட்மாஸ்டரிடம் ஒப்படைத்தது. 9.3 போஸ்ட்மாஸ்டரின் அந்தப் பொறுப்பைத்தான் பிறர் எழுதும் நீட்சிகளுக்கும் விரித்தது.

அந்நிய நிரலை உள்ளே விடுவது ஆபத்தில்லையா? நியாயமான கேள்வி. பகிர்நினைவகத்தைத் தொடும் ஒரு வேலையாள் நிலைகுலைந்தால், போஸ்ட்மாஸ்டர் எல்லா இணைப்புகளையும் துண்டித்துவிட்டு மீளத் தொடங்கும். அந்த இழப்பு சின்னதல்ல. ஆனாலும் 2016-இல் 9.6 ஒரே வினவலைப் பல செயல்முறைகளுக்குப் பகிர்ந்து தந்தது இதே ஏற்பாட்டின் மேல்தான். அந்த ஆபத்தை ஏற்றது சரியான முடிவே.