எச்.ஐ.வி மரபணுத் தொடர்பாய்வு

எச்.ஐ.வி மரபணுத் தொடர்பாய்வு என்பது, தொற்றுள்ளவர்களிடமிருந்து பெறப்படும் எச்.ஐ.வி தீநுண்மங்களின் மரபணு வரிசைகளை ஒப்பிட்டு, தொற்று பரவும் போக்கை அறியும் முறை ஆகும். இத்தீநுண்மம் பெருகும்போது விரைவாக மாற்றமடைகிறது. எனவே மிகவும் ஒத்த வரிசைகள் அண்மையில் பரவிய ஒரே தொடரைச் சேர்ந்தவையாக இருக்கலாம். அத்தகைய கொத்துகள் காணப்படும் பகுதிகளில் பரிசோதனையும் சிகிச்சையும் விரைவுபடுத்தப்படுகின்றன.

இந்தியாவில்

இந்தியாவில் எச்.ஐ.வி தொற்று முதன்முதலில் 1986 ஆம் ஆண்டு சென்னையில் சுனிதி சாலமன், செல்லப்பன் நிர்மலா ஆகியோரின் ஆய்வால் கண்டறியப்பட்டது. நாட்டின் பெரும்பாலான தொற்றுகள் எச்.ஐ.வி-1 இன் 'சி' துணைவகையைச் சேர்ந்தவை என்பது பின்னர் மரபணு ஆய்வுகளில் தெரியவந்தது. ஒரே துணைவகை மிகுந்துள்ளதால், துணைவகையை மட்டும் கொண்டு பரவல் தொடரைப் பிரித்தறிய இயலாது. வரிசைகளின் நுண்ணிய வேறுபாடுகளே அதற்கு உதவுகின்றன.

வரம்புகள்

இருவரின் தீநுண்மங்கள் ஒத்திருப்பது, யாரிடமிருந்து யாருக்குத் தொற்றியது என்பதற்குச் சான்றாகாது. பரிசோதிக்கப்படாத மூன்றாமவர் இடையில் இருக்கலாம். தவறான முடிவு ஒருவர் மீது வீண்பழி சுமத்தக்கூடும். இந்தியாவின் 2017 ஆம் ஆண்டு எச்.ஐ.வி, எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், ஒருவரின் தொற்றுநிலையை அவரது ஒப்புதலின்றி வெளியிடுவதைச் சில விலக்குகளுடன் தடை செய்கிறது.