தரைக்கு மேலே ஒரு முழம்

பாக் விரிகுடாக் கரையில், புதுக்கோட்டை மாவட்டத்து ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் முதலிய ஊர்களின் மீனவர்கள் காற்றை அதன் திசையாலும் பருவத்தாலும் பகுத்து, வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எனத் தனித்தனியே பெயரிட்டு வழங்கி வந்தனர். படகு எடுக்கும் நாளும் வலை விடும் இடமும் அந்த அறிவைச் சார்ந்திருந்தன. அது வீசும் காற்றைப் பற்றிய அறிவு. காற்று அசையாது நிற்கும் பனிக்கால இரவுகளைப் பற்றிய அறிவோ உள்நாட்டு உழவரிடம் இருந்தது. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்னும் பழமொழி, குளிரை அது தாக்கும் உயரத்தோடு சேர்த்தே எண்ணியது. அசையாத காற்றில், தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் குளிர் மிகுகிறது என்பதைக் கருவிகொண்டு அளந்து, உலக அறிவியலுக்கு எளிதில் விடுபடாத ஒரு புதிரைத் தந்தவர் எல். ஏ. ராமதாஸ்.

1900ஆம் ஆண்டில், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பாலக்காட்டில் பிறந்த ராமதாஸ், கல்கத்தாவில் சி. வி. ராமனிடம் பயின்று, திரவங்களின் மேற்பரப்பில் ஒளி சிதறும் விதத்தை ஆராய்ந்தவர். பின்னர் இந்திய வானிலை ஆய்வுத் துறையில் சேர்ந்த அவர், மெல்லிய பரப்புகளின்மேல் கொண்டிருந்த கவனத்தைத் தரையை ஒட்டிய மெல்லிய காற்றுப் படலத்தின்மேல் திருப்பினார். வேளாண்மைக்கான அரச ஆணையம் 1928இல் அறிக்கை அளித்ததைத் தொடர்ந்து, 1932இல் புனேயில் வேளாண் வானிலையியல் பிரிவு தொடங்கப்பட்டபோது அதன் பொறுப்பு அவரிடம் வந்தது. வானிலை நிலையங்கள் வெப்பமானியைக் காற்றோட்டமுள்ள மரக்கூண்டுக்குள், ஏறத்தாழ நான்கடி உயரத்தில் வைப்பது வழக்கம். நெல் நாற்றோ கடலைச் செடியோ உயிர்வாழ்வது அந்த நான்கடிக்குக் கீழே என்பதால், பயிர் உணரும் வெப்பம் எந்தப் பதிவேட்டிலும் ஏறாமலே இருந்தது. இந்தக் குறையை நிரப்புவதே ராமதாஸின் ஆய்வு வாழ்வின் நடுப்பொருளாயிற்று.

1932இல் அவரும் எஸ். ஆத்மநாதனும் வெளியிட்ட கட்டுரை, அன்றைய பாடநூல்களின் கூற்றுக்கு நேர்மாறான ஒன்றை அறிவித்தது. தெளிந்த வானமும் அடங்கிய காற்றும் உள்ள இரவில், தரை தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக வானுக்கு இழந்து குளிர்வதால், தரையே மிகக் குளிர்ந்தும், மேலே செல்லச் செல்லக் காற்று வெதுவெதுப்பாகவும் இருக்கும் என்பதே எல்லோரும் ஒப்புக்கொண்ட கருத்து. வெறுந்தரையின்மேல் இவர்கள் எடுத்த அளவீடுகளிலோ, மிகக் குளிர்ந்த காற்று தரையில் இல்லாமல், அதற்குச் சில பத்துச் சென்டிமீட்டர் மேலே, தரையைவிடச் சில டிகிரி குறைந்து நின்றது. நம் நாட்டு அளவில் சொன்னால், முழ உயரத்துக்குள் அடங்கும் படலம் அது.

இது ஏன் புதிர் என்பதை விளக்க வேண்டும். குளிர்ந்த காற்று கனமானது. கனமானது மேலேயும் இலேசானது கீழேயும் இருந்தால் இரண்டும் இடம் மாற முயலும், அந்த முயற்சியில் சுழல்கள் எழுந்து காற்று கலங்கும். ஒழுங்கற்ற இச்சுழல் இயக்கத்தையே பாய்ம இயக்கவியலார் கொந்தளிப்பு என்கின்றனர். உயரே செல்லும் உலர்ந்த காற்று, வெப்பத்தைக் கொள்ளாமலும் கொடுக்காமலும் விரிவதாலேயே கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரி குளிரும். குளிர்ச்சி அதைவிட வேகமாக மிகுந்தால் காற்று நிலைகுலையும் என்பது பொது விதி. 30 சென்டிமீட்டருக்குள் 2 டிகிரி குறைவு என்பது அந்த வரம்பைப் போல அறுநூறு மடங்குக்கும் மேல். அப்படிப்பட்ட அடுக்கு நொடிப்பொழுதில் கலைந்துவிட வேண்டும். ஆனால் ராமதாஸ் கண்டது இரவின் பெரும்பகுதி நீடித்தது.

கருவிப் பிழை என்றும், அயல் நிலத்திலிருந்து தவழ்ந்து வந்த குளிர்காற்று என்றும் ஐயங்கள் எழுந்தன. கோட்பாடு தடுக்கிறது என்பதற்காக அளவீட்டைத் தள்ளிவைப்பது அறிவியலில் புதிதன்று. ஆனால் இங்கே தள்ளிவைக்கப்பட்டது முறையாகத் திரும்பத் திரும்ப எடுக்கப்பட்ட பதிவு என்பது வருத்தத்துக்குரியது. 1957இல் கிளாஸ் ராஷ்கே என்னும் ஜெர்மானியர் புனேயிலேயே மிகக் கவனமாக அளந்து, அந்தக் குளிரடுக்கு மெய்யே என உறுதிப்படுத்தினார், 1970இல் டி. ஆர். ஓக் அதைப் பற்றித் தம் அளவீடுகளை வெளியிட்டார். அதன்பின் அது ராமதாஸ் படலம் என்றே வழங்கலாயிற்று.

இதற்கிடையே ராமதாஸ் ஒரே புதிரில் தங்கிவிடவில்லை. கரிசல் மண்ணின்மேல் வெண்சுண்ணத் தூளைத் தூவி, பரப்பின் நிறம் மாறினால் மண்ணின் வெப்பம் எவ்வளவு தணிகிறது என்று ஆர். கே. திராவிடுடன் சேர்ந்து காட்டியது, இன்றும் நுண்தட்பவெப்ப ஆய்வில் எடுத்துக்காட்டாக நிற்கிறது. ஆயினும் 1979இல் அவர் மறைந்தபோது, தம் படலத்துக்குப் பலரும் ஏற்கும் விளக்கம் கிடைத்திருக்கவில்லை.

முழுமையான விளக்கத்துக்கு முயன்றவர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ரொத்தம் நரசிம்மா. சதீஷ் தவனின் மாணவரான இவர், கொந்தளிப்பு ஆய்வில் உலகப் பெயர் பெற்றவர். 1990இல் ஜோத்பூர், தில்லி, வாரணாசி, கரக்பூர் ஆகிய இடங்களில் 30 மீட்டர் கோபுரங்கள் நிறுவிப் பருவமழைத் தாழ்வுப் பகுதியின் தரையோரக் காற்றை அளந்த பெருந்திட்டத்தின் முன்னோடிகளுள் ஒருவர். 1993இல் அவர் ஏ. எஸ். வாசுதேவ மூர்த்தி, ஜெ. சீனிவாசன் ஆகியோருடன் முன்வைத்த கோட்பாடு, தரை முழுமையான கதிர்வீச்சுப் பொருள் அன்று, தன்மேல் விழும் அகச்சிவப்பில் ஒரு பகுதியை எதிரொளிக்கிறது என்பதிலிருந்து தொடங்கி, அதனால் தரையை ஒட்டிய காற்று மிக விரைந்து குளிர்கிறது என்று காட்டியது.

பெங்களூருவிலேயே உள்ள ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் கே. ஆர். சீனிவாஸ், கணேஷ் சுப்பிரமணியன் முதலியோர் 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் அக்கோட்பாட்டை மீண்டும் சோதித்தனர். தரை எதிரொளிக்கும் கதிர்கள், தரை தானே உமிழும் கதிர்களினின்று அலைநீளப் பகிர்வில் வேறுபட்டவை. இரண்டையும் ஒன்றெனக் கொண்டதால் கணக்கில் இல்லாத குளிர்ச்சி தோன்றியது என அவர்கள் கண்டனர். மெய்யான காரணத்தை அவர்கள் காற்றில் மிதக்கும் நுண்துகள்களில் தேடினர்: தரையருகே செறிந்திருக்கும் தூசு வானை நோக்கி வெப்பத்தை உமிழ்ந்து, தன்னைச் சூழ்ந்த காற்றையும் குளிர்விக்கிறது, இக்குளிர்ச்சி இடையறாது தொடர்வதால், கலங்க முயலும் காற்றையும் மீறிப் படலம் நிலைக்கிறது. ஆய்வகப் பெட்டியில் துகள்களைக் குறைத்தபோது படலமும் வலுவிழந்தது. 1932இல் ஆத்மநாதனும் ராமதாஸும் பதிந்த வெப்ப அளவுகளை மட்டும் இத்தனை கோட்பாட்டு மாற்றங்களுள் எதுவும் திருத்த வேண்டியிருக்கவில்லை.