கோட்டக்கல் வைத்தியரத்தினம் சங்குண்ணி வாரியர்

மலையாள நாட்டிலே திருக்கோயிற்றொண்டு பூண்டொழுகும் மரபினருள் வாரியர் என்பார் ஒரு வகுப்பினர். இறைவனுக்கு மாலை தொடுத்தளித்தல் அவர்தம் வழிவழித் தொழிலாகும். வடமொழிக் கல்வியும் மருத்துவமும் அவருட் பல குடிகளில் தழைத்திருந்தன. அத்தகைய குடியொன்றிலே, பன்னியின்பள்ளி சங்குண்ணி வாரியர் 1869 ஆம் ஆண்டு கோட்டக்கல்லிற் பிறந்தனர். அவ்வூர் அக்காலத்துச் சென்னை மாகாணத்து மலபார் ஜில்லாவைச் சேர்ந்தது.

இவர் அட்டவைத்தியருள் ஒருவராகிய குட்டஞ்சேரி வாசுதேவன் மூஸ் என்பாரை அடைந்து, குருகுல முறையிற் பயின்றனர். வாக்படரது அஷ்டாங்க ஹிருதயமே அந்நாட்டு வைத்தியர்க்குத் தலையாய நூலென்பது அறிஞர் அறிந்ததே. பயிற்சி முற்றியபின் இவருக்குக் கண்ணோய் கண்டது. மஞ்சேரி அரசினர் மருத்துவச்சாலையில் இருந்த வர்கீஸ் என்னும் டாக்டர் அதனைத் தீர்த்தனர். நோயாளியாய்ச் சென்றவர் அவரிடமே மாணாக்கராய் அமர்ந்து மேனாட்டு மருத்துவமும் கற்றனர். தம் மரபில் அழுந்திய ஒருவர் பிறிதொரு மரபினரை ஆசிரியராகக் கொள்ளுதல் அந்நாளில் எளிதன்று.

அக்காலத்து வைத்தியர் பெரும்பாலும் மருந்துச் சரக்குகளை எழுதிக் கொடுப்பதோடு அமைவர். வேரும் பட்டையும் தேடிக் கொணர்ந்து, இடித்து, உரிய அளவு நீரிலிட்டு நாலிலொன்றாகவோ எட்டிலொன்றாகவோ வற்றக் காய்ச்சுதல் நோயாளியின் வீட்டார் கடன். சரக்கு மாறினும் பதம் தவறினும் பயன் கெடும். பழியோ நூலின்மேல் வரும். காய்ச்சிய கஷாயமும் மறுநாளைக்கு நில்லாது. நகர வாழ்க்கையிற் புகுந்த மக்கள், புட்டியில் ஆயத்தமாகக் கிடைக்கும் மேனாட்டு மருந்தை நாடியது வியப்பன்று. சாத்திரம் பொய்யாமலிருந்தும் வழக்கு ஒழியத் தலைப்பட்ட காலம் அது.

இவ்விடரை நன்குணர்ந்த வாரியர், 1902 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 12 ஆம் நாள் ஆரிய வைத்தியசாலையைத் தொடங்கி, கஷாயங்களைக் கெடாவண்ணம் ஆக்கிப் புட்டிகளில் அடைத்து வழங்கலாயினர். 'தன்வந்தரி' என்னும் மாத இதழும் நடத்தினர். பரம்பரை இரகசியமென மறைத்துவைக்கும் வழக்கம் மலிந்த துறையிலே இஃதொரு துணிவே. 1917 இற் கோழிக்கோட்டில் ஆரிய வைத்திய பாடசாலை நிறுவினர். அது 1924 இற் கோட்டக்கல்லுக்கு மாற்றப்பட்டது. ஏழைகட்கான தரும வைத்தியசாலையும் அவ்வாண்டிலே தோன்றியது.

மாணாக்கர்க்கு உடலமைப்பு நூல் போதாமை கண்டு, மேனாட்டார் அறுத்துக் கண்ட உண்மைகளை வடமொழியில் அமைத்து 'அஷ்டாங்க சாரீரம்' (1925), 'பிருகச்சாரீரம்' (1942) என்பவற்றை இயற்றினர். பண்டை நூலிற் காணாத செய்தியைப் பண்டை மொழியிலேயே புகுத்திய இச்செயல் பெரிதும் போற்றற்பாலது. 1933 இல் அரசினர் 'வைத்தியரத்தினம்' என்னும் பட்டமளித்தனர். எனினும் இந்நூல்களே அதனினும் பெரிய சான்றாம்.

கலையிலும் இவருக்கு ஆர்வமிகுதி உண்டு. 1909 இற் பரமசிவ விலாசம் என்னும் நாடகக் குழுவையும், 1939 இற் கதகளிக் குழுவையும் அமைத்தனர். இவர் வாழ்ந்த மனை கைலாச மந்திரம் எனப்பட்டது. அதனையடுத்து எழுந்த விசுவம்பரர் கோயிலின் முகப்பிற் பிற சமயத்தார் அடையாளங்களும் பொறிக்கப்பட்டுள்ளன. 1921 இல் மாப்பிள்ளைமார் கிளர்ச்சி மூண்டபோது இந்துக்களுக்கும் மகமதியர்க்கும் ஒருங்கே அடைக்கலமளித்தவர்க்கு இஃது இயல்பே.

வைத்தியசாலையைத் தம் குடும்பத்தார்க்குப் பங்கிடாமல் தருமநிதியாக்கி, 1939 இல் மரணசாசனம் எழுதிவைத்தனர். 1944 ஆம் ஆண்டு ஜனவரி 30 ஆம் நாள் இறைவனடி சேர்ந்தனர். பின் பொறுப்பேற்ற மருகர் மாதவ வாரியர் 1953 இல் விமான விபத்தில் மறைந்தனர். அவர்க்கிளையவர் பி. கே. வாரியர், 2021 இல் நூறாண்டு நிறைந்து மறையுங்காறும் அதனைப் புரந்துவந்தனர்.