ஜெர்மன் ஒயின் சாலை: நெடுக்கும் குறுக்கும்

ஜெர்மன் ஒயின் சாலை (டாய்ச்ச வைன்ஷ்ட்ராசெ) என்பது ஜெர்மனியின் தென்மேற்கே, ஃபால்ட்ஸ் வட்டாரத்தில் ஏறத்தாழ 85 கி.மீ. நீளும் சுற்றுலாச் சாலை. தெற்கே பிரான்ஸ் எல்லையை ஒட்டிய ஷ்வைகனில் தொடங்கி வடக்கே பொக்கன்ஹைமில் முடிகிறது. மேற்கே ஹார்ட் மலைத்தொடரும் அதன் பின்னே ஃபால்ட்ஸ் காடும். கிழக்கே ரைன் சமவெளி. மலை மழைமேகங்களை மறித்துவிடுவதால் அடிவாரம் வெதுவெதுப்பானது. பாதாமும் அத்தியும் அங்கே காய்க்கின்றன. திராட்சைக்கொத்துப் படம் போட்ட பலகைகளைப் பின்தொடர்ந்தால் காரில் ஒரே நாளில் முழுவதையும் ஓட்டி முடித்துவிடலாம். ஆனால் அப்படி ஓட்டி முடிப்பவர் பார்ப்பது இந்த மண்ணின் வரலாற்றை அல்ல, 1935-இல் போட்ட ஒரு விற்பனைத் திட்டத்தை. சாலை வடக்கு தெற்காக, நெடுக்கே ஓடுகிறது. வரலாறோ மலைக்கும் ஆற்றுக்கும் இடையே, குறுக்கே நடந்திருக்கிறது. வண்டியை எந்த ஊரில் கிழக்கோ மேற்கோ திருப்புவது என்பதுதான் இந்தப் பயணத்தில் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

சாலை பிறந்த கதையிலிருந்தே இதற்குச் சான்று கிடைக்கிறது. 1934-இலும் 1935-இலும் திராட்சை அமோகமாக விளைந்தது. பீப்பாய்கள் நிரம்பின, வாங்க ஆளில்லை. விளைச்சல் மிகுதி மட்டும் இதற்குக் காரணமல்ல. ஃபால்ட்ஸின் ஒயின் வணிகத்தில் கணிசமான பங்கு யூத வணிகர்கள் கையில் இருந்தது. நாஜி ஆட்சி அவர்களைத் தொழிலிலிருந்து துரத்தியபோது, அவர்கள் தலைமுறைகளாகக் கட்டி வைத்திருந்த வெளிச்சந்தையும் கூடவே போயிற்று. தேங்கிய சரக்கை வெளியே அனுப்ப முடியாதென்றால், குடிப்பவர்களை உள்ளே அழைத்துவர வேண்டியதுதானே? 1935 அக்டோபர் 19 அன்று நாஜிக் கட்சியின் வட்டாரத் தலைவர் யோசஃப் பியூர்க்கல் இந்தச் சாலையைத் திறந்துவைத்தார். ஏற்கெனவே இருந்த ஊர்ச் சாலைகளைக் கோத்துப் பெயர் சூட்டியதுதான் பெரும்பாலும் நடந்தது. அடுத்த ஆண்டு ஷ்வைகனில் கல்லால் ஒரு தோரணவாயில் எழுந்தது. அதே 1936-இல் நோய்ஷ்டாட் நகரின் பெயரில் இருந்த ‘ஹார்ட்’ போய் ‘வைன்ஷ்ட்ராசெ’ ஒட்டிக்கொண்டது. போருக்குப் பின் பழைய பெயர் திரும்பி வந்தாலும் 1950-இல் மறுபடி இதே பெயரை வைத்துக்கொண்டார்கள். வியாபாரத்துக்கு உதவும் பெயரை யார்தான் விடுவார்கள்? அதே பியூர்க்கலும் பக்கத்து பாடன் பகுதியின் தலைவரும் சேர்ந்து 1940 அக்டோபர் 22 அன்று ஆறாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட யூதர்களை ரயிலேற்றி, பிரெனீஸ் மலையடிவாரத்திலுள்ள கூர்ஸ் முகாமுக்கு அனுப்பினார்கள். தோரணவாயிலின் கீழ் நின்று படம் எடுத்துக்கொள்பவர்களுக்கு இதுவும் தெரிந்திருப்பது நல்லது.

இதற்கு ஒரு மறுப்பு உடனே எழும். யார் திறந்துவைத்தால் என்ன, சாலை ஊர்களை வாழவைத்தது. இங்கே திராட்சைக் கொடிக்கு ஈராயிரம் ஆண்டு வயது, ஒரு பெயர்ப்பலகை அதைக் கெடுத்துவிடாது என்பார்கள். முதல் பாதி சரி. ரைன்ஹெஸ்ஸனுக்கு அடுத்தபடியாக ஜெர்மனியின் இரண்டாவது பெரிய ஒயின் வட்டாரம் ஃபால்ட்ஸ். வீட்டு முற்றத்திலேயே புட்டி விற்கும் குடும்பங்களுக்கு இந்தச் சாலைதான் கடைத்தெரு. இரண்டாம் பாதியில்தான் சிக்கல். கொடி பழையது என்பதால் சாலையும் பழையதாகிவிடாது. பழைய பொருளாதாரம் இந்தத் திசையிலேயே ஓடவில்லை. அடிவார ஊர்களுக்குச் சமவெளியில் வயலும் சரிவில் திராட்சையும் மேலே காட்டில் பங்கும் இருந்தன. பல ஊர்கள் சேர்ந்து ஒரு காட்டைப் பொதுவில் ஆண்டன. கொடிக்குக் கொழுகொம்பும் பீப்பாய்க்கு மரமும் மலையிலிருந்து இறங்கின. ஒயின் ரைன் கரை நகரங்களை நோக்கி இறங்கியது. பக்கத்து ஒயின் ஊருக்கு ஒயின் கொண்டுபோய் யாருக்கு விற்பது?

குறுக்குக் கோட்டின் கிழக்கு முனை ஷ்பையர் நகரம். நோய்ஷ்டாட்டிலிருந்து காரில் அரை மணி நேரம். அங்குள்ள ஃபால்ட்ஸ் வரலாற்று அருங்காட்சியகத்தில், 1867-இல் ஒரு ரோமானியக் கல்லறையில் கிடைத்த கண்ணாடிப் புட்டி இருக்கிறது. ஒன்றரை லிட்டர் பிடிக்கும். தோளில் டால்ஃபின் வடிவக் கைப்பிடிகள். வாயில் மெழுகு முத்திரை. உள்ளே மேல்பாதியில் பிசின்போல் இறுகிய ஏதோ ஒன்று, கீழே கலங்கலான திரவம். நான்காம் நூற்றாண்டில் ஊற்றிய ஒயின் அது. மேலே மிதக்கவிட்ட ஆலிவ் எண்ணெய்தான் காற்றைத் தடுத்து அதைக் காப்பாற்றியது. இதற்கு இணை மேற்கே, பாட் டூர்க்ஹைம் அருகே உங்ஸ்டைனில் இருக்கிறது. எந்திரம் ஓட வசதியாகத் திராட்சை நிலங்களைத் திருத்தியபோது, 1981-இல், வைல்பெர்க் சரிவில் ஒரு ரோமானியப் பண்ணை மாளிகை வெளிப்பட்டது. திராட்சையை மிதித்துச் சாறெடுத்த தொட்டிகளும் கூடவே கிடைத்தன. சரிவில் பிழிந்தார்கள், ஆற்றங்கரையில் குடித்தார்கள், அங்கேயே புட்டியோடு புதைந்தார்கள். எழுநூறு ஆண்டு கழித்தும் இதே இணைதான். பேரரசர் இரண்டாம் கொன்ராட் ஷ்பையரில் பேராலயத்தையும் டூர்க்ஹைமுக்கு மேலே லிம்பர்க் மடத்தையும் எழுப்பினார். இரண்டுக்கும் ஒரே நாளில் அடிக்கல் நாட்டினார் என்பது கர்ணபரம்பரைக் கதை. பேராலயம் 1981 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம், மடமோ கூரையில்லாத இடிபாடு. பலகையை மட்டும் நம்பிப் போகிறவர் டூர்க்ஹைமில் நிறுத்துவது பெரும்பாலும் பெரிய பீப்பாய்க்கு முன்னால்தான். 17 லட்சம் லிட்டர் கொள்ளளவு, 1934-இல் கட்டியது. உள்ளே இருப்பது உணவகம்.

சாலையின் மேலேயே வரலாறு கிடைக்காதா என்றால், கிடைக்கும். ஃபோர்ஸ்ட் அதற்கு நல்ல உதாரணம். ஊர்த் தேவாலயத்தை ஒட்டிய கிர்ஷன்ஷ்டியூக் என்ற தோட்டம் நான்கு ஹெக்டேருக்கும் குறைவு. ஃபால்ட்ஸ் பவேரியாவின் கையில் இருந்த காலத்தில், 1828-ஆம் ஆண்டு நிலவரிக் கணக்கில் இதற்குத்தான் உச்ச மதிப்பு போட்டார்கள். வரி வசூலிக்க வந்த அதிகாரியைவிட மண்ணை நன்றாக ருசி பார்ப்பவர் யார்? ஆனால் அந்த மதிப்புக்கு ஒரு காரணம் மேலே, மலையில் இருக்கிறது. ஃபோர்ஸ்டுக்குப் பின்னாலுள்ள எரிமலைப் பாறையிலிருந்து கருங்கல்லை உடைத்து வந்து தோட்டங்களில் பரப்பினார்கள். பகல் வெப்பத்தை அது இரவுக்குப் பிடித்துவைக்கும். ஹம்பாக் கோட்டையும் இப்படித்தான். 1832 மே 27 அன்று இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கருப்பு, சிவப்பு, பொன் கொடியேந்தி மலையேறிய இடம் என்று வழிகாட்டி நூல்கள் அதை ஜனநாயகத்தின் தொட்டிலாக வருணிக்கின்றன. அந்தக் கூட்டத்தில் டூர்க்ஹைம் திராட்சை விவசாயிகள் தங்கள் துக்கத்தை எழுதிய கருப்புக் கொடியோடு நடந்ததைப் பலரும் கவனிப்பதில்லை. நெப்போலியனுக்குப் பிறகு பிரெஞ்சுச் சந்தை மூடியது, அண்டை ஜெர்மன் நாடுகள் சுங்கம் போட்டன, ஒயின் பாதாள அறைகளில் தேங்கியது. 1934-இன் சிக்கலேதான், நூறாண்டு முன்னால். அப்போது சாலை போடவில்லை, கோட்டைக்கு ஏறினார்கள்.

இத்தனை இடத்துக்கும் கார் இல்லாமல் எப்படிப் போவது என்பது நியாயமான கேள்வி. வைல்பெர்க்கையும் மலைமேல் கோட்டைகளையும் ஒரே நாளில் சேர்க்கக் கார் உதவும்தான். ஆனால் ரயில் இந்தச் சாலைக்கு மூத்தது. நோய்ஷ்டாட்டிலிருந்து லாண்டாவுக்கு 1855-லும் டூர்க்ஹைமுக்கு 1865-லும் வந்துவிட்டது. காரில் போகிறவருக்குப் பெரிய இடைஞ்சல் கோப்பைதான். ஜெர்மனியில் ஓட்டுநருக்குப் பொதுவான வரம்பு ஒரு கிலோ ரத்தத்தில் அரை கிராம் ஆல்கஹால். புதிதாக உரிமம் பெற்றவருக்கு அதுவும் கிடையாது. ஃபால்ட்ஸ்காரர்கள் ஊற்றித் தருவதோ அரை லிட்டர் பிடிக்கும் டுப்பெகிளாஸில். வெளிப்புறம் முழுக்கக் கட்டைவிரல் பதியும் குழிகள் கொண்ட குவளை அது. சோடா கலந்த ஒயின் வழிய வழிய வரும். சுவைத்துத் துப்பலாம் என்பது அறிவுரை அளவில் சரி. நடப்பில், காலையில் காரில் குறுக்குக் கோட்டை முடித்து, மாலையில் ஏதாவது ஓர் ஊரில் வண்டியைப் போட்டுவிட்டு நடப்பதே உள்ளூர் வழக்கத்துக்குப் பொருந்தும். ஆகஸ்ட் கடைசி ஞாயிறன்று அந்தத் தேர்வுக்கும் இடமில்லை: அன்று சாலை முழுவதையும் கார்களுக்கு மூடிவிடுகிறார்கள். லட்சக்கணக்கானோர் சைக்கிளிலும் நடையாகவும் திரளும் அந்த நாளில், ஊருக்கு ஊர் முற்றங்கள் திறந்திருக்கும்.